மேசைமேல் ஒரு கப்பற்படை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர். நம் ஊர்த் திண்ணைகளில் கோடு கீறி ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தால் அக்கருத்து நில்லாது. மூன்று புலிகளுக்கு எதிரே பதினைந்து ஆடுகள். ஓர் ஆட்டுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தால் புலி அதைத் தாண்டி வெட்டிவிடும். அந்த இடத்தில் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலியால் ஒன்றும் செய்ய இயலாது. எளியவை ஒன்றையொன்று தாங்கி நின்றால் வலியதை அடைத்துவிடலாம் என்னும் பேருண்மையை எழுத்தறியாத சிறுவனுக்கும் சொல்லிக் கொடுத்த பள்ளி அந்தத் திண்ணை.

இதே உண்மையை வேறொரு மேசையில் கற்பிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதுதான் விண்கப்பற்போர் ஆட்டம். சென்ற ஐம்பது ஆண்டுகளாக மேலைநாடுகளில் இது ஆடப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் 1973-இல் 'டிரைபிளானட்டரி', 1979-இல் 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்', இங்கிலாந்தில் 1991-இல் 'ஃபுல் த்ரஸ்ட்' என்று வரிசையாகப் பல விதிநூல்கள் வந்தன. விரல் நீளமே உள்ள உலோகக் கப்பல் உருவங்களையோ அட்டைக் காய்களையோ மேசைமேல் பரப்பி, அளவுகோலும் பகடையும் கொண்டு இரு படைத்தலைவர்கள் மோதுவர். மேசைதான் வானவெளி.

இந்த ஆட்டத்தின் அணிவகுப்பு முறைகளைப் படிக்கத் தொடங்கிய எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அம்முறைகளின் வேர் விண்ணில் இல்லை, கடலில் இருக்கிறது. அதிலும் ஒரு முக்கியமான வேர் நம் புதுவைக்கு வடக்கே சதுரங்கப்பட்டினத்திலிருந்து தெற்கே கடலூர், நாகப்பட்டினம், திருகோணமலை வரை நீளும் கடற்பரப்பில் இருக்கிறது. பெயரிலேயே சதுரங்கத்தைத் தாங்கிய ஓர் ஊரின் எதிரில்தான் அக்கதை தொடங்குகிறது.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்று அடுத்தடுத்து வைத்துள்ளார். கப்பற்படையை நடத்தும் கலையையும் இம்மூன்றாகப் பகுத்துக் காணலாம். இக்கட்டுரைக்கு ஏற்றவாறு இடத்திலிருந்து தொடங்குவோம்.

இடம்: காற்றும் விசையும்

பாய்க்கப்பல் காலத்துப் போர்க்கப்பலுக்குப் பீரங்கிகள் இரு பக்கவாட்டிலும் இருந்தன. முன்னும் பின்னும் மிகச் சிலவே. பெரும்போர்களில் நின்ற கப்பல் ஒன்றுக்கு 74 பீரங்கிகள் இருப்பது வழக்கம். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்து, எதிரியின் கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்று சுடுவதே முறையாயிற்று. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் இருக்கும் படைக்கு ஓர் உரிமை உண்டு. தான் விரும்பும்போது இறங்கிச் சென்று தாக்கலாம், விரும்பாவிட்டால் விலகி நிற்கலாம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் காற்றை எதிர்த்து ஏறிவர இயலாமல் காத்திருக்க வேண்டியதுதான்.

விண்வெளியில் காற்று இல்லை, தண்ணீரும் இல்லை. அங்கே ஆட்சி செய்வது நியூட்டனின் முதல் விதி. இதைக் கட்டத்தாளில் எளிதாகக் காட்டலாம். சென்ற முறை ஒரு கப்பல் கிழக்கே 4 கட்டம் நகர்ந்தது என்று கொள்வோம். இம்முறை இயந்திரத்தை இயக்காவிட்டாலும் அது மேலும் 4 கட்டம் நகர்ந்தே தீரும். இயந்திரத்தை இயக்கினால் அதனோடு ஒரு கட்டம் கூட்டலாம், ஒரு கட்டம் குறைக்கலாம், அல்லது பக்கவாட்டில் ஒரு கட்டம் சேர்க்கலாம். அவ்வளவே. வகுப்பில் நாம் கரும்பலகையில் கூட்டும் திசையன்களே இங்கே கப்பல்களாகி ஓடுகின்றன. இவ்வகை ஆட்டங்கள் எல்லாமே இந்த விதியைக் கடைப்பிடிப்பதில்லை. சிலவற்றில் விண்கப்பலும் கடற்கப்பலைப் போலவே திரும்பும். எனினும் கணக்கு விரும்புவோர்க்கு இம்முறையே சுவையானது.

ஒரு முறைக்கு 6 கட்டம் என்ற வேகத்தில் வரும் கப்பல் நிற்க விரும்பினால் என்ன ஆகும்? 5, 4, 3, 2, 1 என்று குறைந்து 15 கட்டம் தாண்டிய பிறகே நிற்கும். ஆத்திரத்தோடு பாய்ந்து வந்தவன் எதிரியைக் கடந்து அப்பால் போய்விடுவான். அவன் திரும்பி வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும். எனவே விண்ணில் இடமறிதல் என்பது இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் அறிவதன்று. மூன்று முறை கழித்து எங்கே இருப்போம் என்பதையும் அறிவதாகும். கடலில் காற்று தரும் உரிமையை விண்ணில் வேகம் தருகிறது.

காலம்: சோழமண்டலக் கரையின் கடிகாரம்

நம் கரைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புதுவையிலும் சென்னையிலும் அக்காலத்தில் இயற்கைத் துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் நம் மக்கள் மசூலாப் படகுகளில் ஏற்றி இறக்குவர். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் அக்டோபரில் கப்பல்கள் இக்கரையை விட்டு ஓடியாக வேண்டும். 1782-இன் இறுதியில் ஆங்கிலப் படை பம்பாய்க்குச் சென்றது. பிரெஞ்சுப் படை சுமத்திராவின் ஆச்சே துறைக்குச் சென்றது. புயற்காலத்தில் நங்கூரமிட நம் பக்கத்தில் இருந்த நல்ல இடம் திருகோணமலை ஒன்றே. அதற்காக இரு நாடுகளும் போராடியதன் காரணம் இதுதான்.

மேசை ஆட்டத்தில் காலம் என்பது முறைகளின் எண்ணிக்கை. பல ஆட்டங்களில் இரு தரப்பாரும் தம் கட்டளைகளை மறைவாகத் தாளில் எழுதி, பின்னர் ஒரே நேரத்தில் திறப்பர். எதிரி இப்போது நிற்கும் இடத்தைக் குறிவைத்து எழுதியவன் தோற்பான். அவன் வரப்போகும் இடத்தை எண்ணி எழுதியவன் வெல்வான்.

வலி: ஒரு கணக்கு

இனி வலியறிதல். இங்கே கணித மாணவர்க்கு நல்ல விருந்து உண்டு. இங்கிலாந்தின் மோட்டார் வண்டிப் பொறியாளர் லாஞ்செஸ்டர், 1916-இல் வெளிவந்த விமானப்போர் பற்றிய தம் நூலில் ஓர் எளிய விதியை விளக்கினார்.

நம் கப்பல்கள் 'அ', எதிரியின் கப்பல்கள் 'ஆ' என்க. இரண்டும் ஒரே தரம். நம் கப்பல்கள் குறையும் வீதம் எதிரிக் கப்பல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எதிரியின் கப்பல்கள் குறையும் வீதம் நம் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவ்விரு வகைக்கெழுச் சமன்பாடுகளையும் ஒன்றால் ஒன்றை வகுத்துத் தொகையிட்டால், அ² − ஆ² என்பது போர் முழுவதும் மாறாத ஓர் எண் என்று வரும். அதாவது படையின் வலிமை அதன் எண்ணிக்கையாக அன்றி, எண்ணிக்கையின் வர்க்கமாக நிற்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். இரு பக்கமும் பதினொரு கப்பல்கள். நேருக்கு நேர் நின்றால் 121 − 121 = 0. இருவரும் அழிவர். ஆனால் ஒருவர் தம் பதினொன்றையும் கொண்டு எதிரியின் ஆறு கப்பல்களை முதலில் தாக்கி, மற்ற ஐந்தும் உதவிக்கு வருவதற்குள் முடித்துவிட்டால்? 121 − 36 = 85. பிறகு ஐந்தோடு மோதினால் 85 − 25 = 60. அறுபதின் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.7. ஒரு கப்பல்கூட அதிகமில்லாமல், வரிசையை மாற்றியதால் மட்டுமே ஏழுக்கு மேற்பட்ட கப்பல்கள் மிஞ்சுகின்றன!

எதிரியின் ஒரு பகுதியைப் பிரித்து, அதன்மேல் நம் முழு வலிமையையும் கொட்டுவதே கப்பற்படைத் தந்திரத்தின் உயிர்நிலை. விண்கப்பல் ஆட்டத்திலும் அனுபவமுள்ளவர் தம் கப்பல்கள் எல்லாவற்றையும் ஒரே இலக்கை நோக்கிச் சுடச் செய்வதற்குக் காரணம் இதுவே. பாதி சேதமுற்ற இரு கப்பல்கள் திருப்பிச் சுடும். முழுதும் வீழ்ந்த ஒரு கப்பல் சுடாது.

சுஃப்ரேனின் ஐந்து போர்கள்

இக்கணக்கு அச்சேறுவதற்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே, அதன் கருத்தை நம் கடலில் செயற்படுத்த முயன்றவர் ஒருவர் உண்டு. அவரே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன். கடற்கரைக்கு அருகே அவர் பெயரால் வழங்கும் சுஃப்ரேன் வீதியில் நாம் நாள்தோறும் சைக்கிளில் செல்கிறோம். அவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே.

அவருக்கு முன் 1758, 1759 ஆண்டுகளில் பிரெஞ்சுத் தலைவர் தஷேயும் ஆங்கிலத் தலைவர் போக்காக்கும் இக்கரையில் மும்முறை மோதினர். கோட்டுக்குக் கோடு நின்று சுட்டுக்கொண்டனர். முடிவு ஏதுமில்லை. பிறகு தஷே கரையை விட்டு நீங்கினார். கடலில் காவல் இழந்த புதுவை 1761 சனவரியில் வீழ்ந்தது, நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. திரும்பக் கட்டப்பட்ட நகரம் 1778-இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆகவே 1782-இல் சுஃப்ரேன் இங்கு வந்தபோது ஒதுங்குவதற்குப் புதுவைகூட அவருக்கு இல்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் தலைவராக இருந்த தோர்வ் கடற்பயணத்திலேயே இறக்க, சுஃப்ரேன் தலைமை ஏற்றார். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 17-இல், சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே முதற்போர். அவரிடம் 12 கப்பல்கள், ஆங்கிலத் தலைவர் ஹ்யூஸிடம் 9. காற்று வரும் பக்கம் சுஃப்ரேனிடம் இருந்தது. எதிரியின் தலைமைக் கப்பலுக்கு நேரே தம் 'ஏரோ' கப்பலைக் கொண்டு நிறுத்தி, அதற்கு முன்னால் இருந்த நான்கையும் சண்டையில் சேராமல் விட்டு, பின்னால் இருந்த ஐந்தின்மேல் தம் முழுப் படையையும் கொட்ட முனைந்தார். தம் பின்னணிக் கப்பல்கள் எதிரியின் மறுபக்கம் சுற்றி வந்து, அந்த ஐந்தையும் இருபுறமும் சுட வேண்டும் என்பது திட்டம்.

நம் விதிப்படி கணக்கிட்டால், 12-க்கு 9 நேராக மோதினால் மிஞ்சுவது ஏறக்குறைய 8. ஐந்தை முதலிலும் நான்கைப் பிறகும் தாக்கினால் மிஞ்சுவது 10. திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது என்ன? ஒரு சில கப்பல்கள் மட்டுமே மறுபக்கம் சென்றன. பல கப்பல்கள் தொலைவிலேயே நின்று சுட்டன. ஆங்கிலப் பின்னணிக் கப்பல்கள் பெருஞ்சேதம் அடைந்தும் தப்பின.

இரண்டாம் போர் ஏப்ரல் 12-இல் இலங்கையின் கிழக்குக் கரையில் புரோவிதியன் பாறைக்கு அருகே நடந்தது. மூன்றாவது சூலை 6-இல் நாகப்பட்டினத்துக்கு எதிரே. பக்கத்துக்குப் பதினொன்றாகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது காற்று திடீரெனத் திசை மாற, இரு கோடுகளும் கலைந்தன. அன்று ஒரு பிரெஞ்சுக் கப்பலின் தலைவரே சரணடையக் கொடியை இறக்கச் செய்தார். அவர்கீழ் இருந்த அதிகாரிகள் அதை ஏற்காமல் போரைத் தொடர்ந்தனர். போருக்குப் பின் சுஃப்ரேன் தலைவர்கள் சிலரைப் பதவி நீக்கி அனுப்பினார்.

நான்காவது செப்டம்பர் 3-இல் திருகோணமலைக்கு எதிரே. மூன்று நாள் முன்புதான் அத்துறைமுகத்தைச் சுஃப்ரேன் கைப்பற்றியிருந்தார். அவரிடம் 14 கப்பல்கள், ஹ்யூஸிடம் 12. கோடு சரியாக அமையாததைக் கண்ட சுஃப்ரேன், தம் அடையாளக் கொடியைக் கவனிக்கும்படி மற்றவர்களுக்கு உணர்த்த ஒரு பீரங்கியைச் சுடச் செய்தார். அதைத் தாக்குதற் கட்டளை என்று எண்ணி அவருடைய கப்பலே முழுப்பக்கமும் சுடத் தொடங்கியது. மற்றவையும் தொடர்ந்தன. ஒழுங்கற்று எழுந்த அச்சண்டையில் சுஃப்ரேனின் கப்பலும் வேறு இரண்டும் நடுவில் தனித்து அகப்பட்டன. அவர் கப்பலின் பெரிய பாய்மரம் கொடியோடு சாய்ந்தது.

ஐந்தாவது 1783 சூன் 20-இல் கடலூருக்கு எதிரே. முற்றுகையிடப்பட்டிருந்த கடலூரைக் காக்க 15 கப்பல்களோடு 18-ஐ எதிர்த்தார். பெரும்பாலும் கோட்டுக்குக் கோடு நின்று சுட்ட சண்டையாகவே அது நடந்தது. முடிவில் ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூர் தப்பியது. சில நாளிலேயே ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்தது.

ஐந்து போர்களிலும் இரு பக்கத்திலும் ஒரு பெருங்கப்பல்கூடப் பிடிபடவில்லை, மூழ்கடிக்கப்படவும் இல்லை. இரு அந்நியர்கள் நம் கடலை யார் ஆள்வது என்று பொருதியதைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. திட்டம் சிறந்ததாக இருந்தும் பயன் ஏன் சிறுத்தது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

காய் கீழ்ப்படியும், மனிதர்?

வர்க்க விதியே இதற்கு ஒரு விடை தருகிறது. மீண்டும் பக்கத்துக்குப் பதினொன்று. எதிரியின் ஆறைப் பிரித்துத் தாக்கும் அதே திட்டம். ஆனால் நம் தலைவர்களுள் நால்வர் வரவில்லை என்று கொள்வோம். 7-க்கு 6 என்றால் 49 − 36 = 13. இப்போது எதிரியின் ஐந்து புதிய கப்பல்கள் வருகின்றன. 25 − 13 = 12. நம் ஏழும் போய், எதிரிக்கு மூன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் மிஞ்சும். பிறகு அந்த நால்வரும் வந்து சேர்ந்தாலும் 16 − 12 = 4, நமக்கு மிஞ்சுவது 2. ஏழுக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு! ஆளும் குறையவில்லை, கப்பலும் குறையவில்லை. குறைந்தது ஒன்றே. நால்வர் ஒரே நேரத்தில் ஒரே எண்ணத்தோடு வரவில்லை. உண்மைக் கடற்போர் இவ்வளவு எளிய கணக்குக்கு அடங்காது என்பது உண்மையே. ஆயினும் கணக்கு காட்டும் திசை சரியானது.

தலைவர்கள் ஏன் வரவில்லை? சிலர் கோழைகள், சிலர் பொறாமைக்காரர் என்று எழுதியோர் உண்டு. கப்பல்களின் வேறுபாட்டைச் சுட்டியோரும் உண்டு. பிரெஞ்சுக் கப்பல்கள் சிலவற்றுக்கே அடிப்பாகத்தில் செப்புத்தகடு இருந்தது. தகடில்லாதவை பாசியும் சிப்பியும் பற்றி மெதுவாக ஓடின. ஆனால் பலரும் ஒப்பும் குறை இன்னொன்று. சுஃப்ரேன் தம் உள்ளத்தில் இருந்த புதிய முறையைத் தம் தலைவர்களுக்குப் போதிய அளவு விளக்கவில்லை. கோடு கலையாமல் நிற்பதே போர் என்று வாழ்நாள் முழுவதும் பயின்றவர்களுக்கு, கோட்டை விட்டு மறுபக்கம் சுற்றிப் போ என்னும் கொடி புரியாததில் வியப்பில்லை.

இந்த இடத்தில் என் தந்தையார் கூறிய ஒரு சொல்லைக் குறிப்பிட விரும்புகிறேன். அவர் வீராம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வாடை எது, கொண்டல் எது என்று முகத்தில் படும் காற்றைக் கொண்டே கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் தரையில் கட்டத்தாளை விரித்துப் புளியங்கொட்டைகளைக் கப்பல்களாக வைத்துச் சதுரங்கப்பட்டினத்துப் போரை நடத்திக் கொண்டிருந்தபோது, வலை பிரித்துக்கொண்டே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "ஏம்பா, கொட்டை நீ தள்ளுனா தள்ளுன எடத்துக்குப் போவுது. கடல்ல நாலு படகு சேர்ந்து வலை வளைக்கணும்னா, கெளம்பறதுக்கு முன்னாடியே கரையில வச்சு நாலு பேருக்கும் சொல்லியாவணும். போன பொறவு கத்துனா காத்துதான் கேக்கும்" என்றார்.

நூல்களில் நான் தேடிய விடை அவருடைய வாயில் இருந்தது. வள்ளுவரும் மூன்று அதிகாரங்களோடு நிறுத்தவில்லை. வலி, காலம், இடம் என்ற மூன்றுக்கும் அடுத்து 51-ஆவதாகத் தெரிந்து தெளிதல், 52-ஆவதாகத் தெரிந்து வினையாடல் என்று வைத்தார். தக்காரை ஆராய்ந்து நம்புவதும், அவரவர்க்கு ஏற்ற வினையை ஒப்படைப்பதும் அவற்றின் பொருள். சுஃப்ரேன் முதல் மூன்றில் வல்லவர். இடறியது பின்னிரண்டில்.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள்

அப்படியானால் மேசை ஆட்டம் பயனற்றதா? இல்லை. மேசையை யார் யார் சுற்றி அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அதன் பயன்.

சுஃப்ரேன் இங்கே போரிட்ட அதே 1782-இல், ஸ்காட்லாந்தில் ஜான் கிளார்க் என்பவர் கடற்போர்த் தந்திரம் பற்றி ஒரு நூல் வெளியிடத் தொடங்கினார். அவர் கடற்படை வீரர் அல்லர். சிறு கப்பல் உருவங்களை மேசைமேல் அடுக்கி, பழைய போர்களைத் திரும்ப நடத்திப் பார்த்தே தம் முடிவுகளுக்கு வந்தார். எதிரியின் கோட்டை வெட்டிப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1898-இல் ஃப்ரெட் ஜேன் என்னும் ஆங்கிலேயர் போர்க்கப்பல் ஆட்டம் ஒன்றை விதிகளோடு வெளியிட்டார். அதே ஆண்டில் அவர் தொடங்கிய உலகப் போர்க்கப்பல் விவரத் தொகுப்பு அவர் பெயராலேயே இன்றும் வெளிவருகிறது. இன்றைய விண்கப்பல் ஆட்டங்கள் இந்தப் பரம்பரையில் வந்தவையே.

1805 அக்டோபர் 21-இல் டிரஃபால்கரில் நெல்சன் 27 கப்பல்களோடு 33-ஐ எதிர்த்து, தம்முடையது ஒன்றும் இழக்காமல் எதிரிக்கு 18-ஐ இழப்பாக்கினார். போருக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே தம் கப்பல் தலைவர்களை உணவுக்கு அழைத்து, மேசையில் அமர்த்தித் திட்டத்தை விளக்கியிருந்தார். பின்னர் அதை எழுத்திலும் தந்தார். கொடி தெரியாமற் போனாலும் எதிரியின் கப்பலுக்கு அருகே தம் கப்பலைக் கொண்டு நிறுத்துபவர் பெரும்பிழை செய்தவராகார் என்ற கருத்தும் அதில் இருந்தது. அக்குறிப்பில் அவர் 40 கப்பல்கள் 46-ஐ எதிர்ப்பதாகக் கொண்டார். லாஞ்செஸ்டர் பிற்காலத்தில் அதையே தம் விதிக்கு எடுத்துக்காட்டாக்கினார். எதிரியை 23, 23 என்று பிரித்தால் வலிமை 529 + 529 = 1058. நம் நாற்பதை 32, 8 என்று பிரித்தால் 1024 + 64 = 1088. குறைந்த எண்ணிக்கை கூடிய வலிமையாகிவிட்டது! இதே கருத்து சுஃப்ரேனிடமும் இருந்தது. ஆனால் நெல்சனிடம் அது இருபத்தேழு பேரின் கருத்தாகியிருந்தது.

இன்னொரு சான்று 1942-இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் காணலாம். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை நாள்தோறும் மூழ்கடித்துவந்த நேரம். காசநோயால் பணி ஓய்வு பெற்றிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி திரும்ப அழைக்கப்பட்டார். அவரும் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்களும் ஓர் அறையின் தரையையே அட்லாண்டிக் கடலாக்கி, சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து ஆடினர். பாதுகாவற் கப்பல்களின் அதிகாரிகள் அங்கே வந்து பயின்றனர். கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரியும்படி, திரைக்குப் பின்னிருந்து சிறு துளை வழியே அவர்களைப் பார்க்கச் செய்தனர். நீர்மூழ்கிகளை எதிர்க்கும் புதிய முறைகள் அத்தரையில் பிறந்தன. போர்க்கப்பலில் பணியாற்றியறியாத, நம் வயதையொத்த பெண்கள் கடலில் பழகிய அதிகாரிகளுக்குப் பாடம் சொன்னார்கள்! திட்டம் வகுப்பவரும் அதை நிறைவேற்றுபவரும் ஒரே தரையைச் சுற்றி நின்றார்கள் என்பதே அதன் சிறப்பு.

நாமும் ஆடலாம்

விலையுயர்ந்த உருவங்கள் வேண்டியதில்லை. ஒரு பெரிய கட்டத்தாள், ஐந்து புளியங்கொட்டை, ஐந்து சோழி, ஒரு பகடை, சில காகிதத் துண்டுகள் போதும். பத்துப் பேர் கூட வேண்டும்.

ஒருவருக்கு ஒரு கப்பல். பக்கத்துக்கு ஒருவர் தலைவர். மேலே கூறிய திசையன் விதிப்படி ஒவ்வொருவரும் தம் விசையைத் துண்டுத்தாளில் எழுத வேண்டும். எல்லாத் தாள்களையும் ஒரே நேரத்தில் திறந்து கப்பல்களை நகர்த்த வேண்டும். 6 கட்டத் தொலைவுக்குள் இருக்கும் ஒரு கப்பலைச் சுடலாம். பகடையில் 4, 5, 6 விழுந்தால் அடி. மூன்று அடி பட்ட கப்பல் வெளியே. ஆட்டம் தொடங்கிய பின் யாரும் பேசக்கூடாது. தலைவர் மட்டும் சிவப்பு, நீலம், கறுப்பு என மூன்று பென்சில்களுள் ஒன்றைத் தூக்கிக் காட்டலாம். அதன் பொருளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஆட்டத்தை இருமுறை ஆடுங்கள். முதன்முறை பென்சில்களின் பொருளை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாம் முறை, தொடங்கும் முன் ஒவ்வொரு பக்கமும் பத்து நிமிடம் கூடிப் பேசட்டும். எங்கள் வகுப்புத் தோழர்களோடு இதை ஆடிப் பார்த்தோம். முதல் ஆட்டத்தில் சிவப்புப் பென்சிலுக்கு 'அருகிலுள்ள கப்பலைச் சுடு' என்பது பொருள். தலைவர் அதை உயர்த்தினார். ஐவரும் கீழ்ப்படிந்தனர். ஆனால் அருகிலுள்ள கப்பல் என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக இருந்தது! ஐந்து கப்பல்களும் ஐந்து இலக்குகளைச் சுட்டன, எதுவும் வீழவில்லை. பேசிவிட்டு ஆடிய ஆட்டத்திலோ, பென்சிலையே பெரும்பாலும் உயர்த்த வேண்டியிருக்கவில்லை. யாரை முதலில் தாக்குவது, அவர் விலகினால் அடுத்து யார் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. திருகோணமலைக்கு எதிரே வெடித்த அந்த ஒற்றைப் பீரங்கியின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கியது.

முடிவுரை

இந்தப் பாடம் போருக்கு மட்டும் உரியதன்று. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர் உள்ளோம். நாளை நம்முள் சிலர் அலுவலகங்களில் மேசைமுன் அமர்ந்து திட்டம் தீட்டுவோம். மீன்பிடி துறைமுகம் எங்கே அமைய வேண்டும், பாசனக் கால்வாய் எப்படிச் செல்ல வேண்டும், பேருந்து எந்த வழியில் ஓட வேண்டும் என்று தாளில் கோடு போடுவோம். தாளில் எல்லாக் காய்களும் நாம் தள்ளிய இடத்துக்குப் போகும். ஆனால் அவற்றை நிறைவேற்றுவோர் கொட்டைகள் அல்லர், மனிதர். அவர்களை முன்பே அழைத்துச் சொல்லாத திட்டமும், அவர்கள் சொல்வதைக் கேளாத திட்டமும் எவ்வளவு நுட்பமானதாயினும் சதுரங்கப்பட்டினத்துக் கடலில் நடந்ததுபோலப் பாதி வழியில் நின்றுவிடும்.

வலியையும் காலத்தையும் இடத்தையும் கணக்குக் கற்றுத்தரும். அதற்குத்தான் கல்லூரிக்கு வந்திருக்கிறோம். அதற்கு அடுத்த இரு அதிகாரங்களைக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் நம் வீடுகளிலும் கரையிலும் வயலிலும் இருக்கிறார்கள். திட்டத்தை விரிக்கும் மேசையில் அவர்களுக்கும் ஓர் இருக்கை போடுவோமாக!